ஓடுகிறவர் வாங்கவில்லை, வீட்டார் வாங்கினார்கள்

சேலம் புதிய பேருந்து நிலையம் அருகே நடக்கும் புத்தகத் திருவிழாவில் ஒரு சிறு கேலிச்சித்திரத் தொகுப்பை விற்பனைக்கு வைத்தோம். ஓட்டப் பயிற்சியைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள், கறுப்பு வெள்ளை, 64 பக்கம். முதல் சில நாள் அது அசையவே இல்லை. பிறகு விற்கத் தொடங்கி, கொண்டுபோன கட்டு தீர்ந்து, இரண்டாம் அச்சுக்கும் போனது. இந்த இடைவெளியில் புத்தகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, விலையும் மாறவில்லை. அப்படியென்றால் மாறியது எது என்பதுதான் இந்த ஆய்வு. சொந்தக் காசில் புத்தகம் போடும் ஓவியர்களுக்கும் சிறு பதிப்பாளர்களுக்கும் இது உதவும் என்று நம்புகிறேன். வரைந்தவர் தன் பெயர் வேண்டாம் என்றார். கடையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். என் பங்கு, படத்துக்குக் கீழே வரும் வசனங்களைச் சீர்செய்ததும் மாலை நேரங்களில் கடையில் நின்றதும்.

வரைந்தவர்

அம்மாப்பேட்டைக்காரர், தறி வீட்டில் பிறந்தவர். சேலையில் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறிக்கு டிசைன் போடுகிறவர்கள் முதலில் கிராஃப் தாளில் பூவையும் மாங்காயையும் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். அதைப் பார்த்துத்தான் அட்டையில் துளை அடிப்பார்கள். ஒரு கட்டம் பிசகினால் அந்தப் பிசகு சேலை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். இந்த வேலையில் ஊறிய கை என்பதால் அவர் கோட்டில் வீண் இழுப்பே கிடையாது. ஒரு மூக்கு, ஒரு முழங்கால், கீழே ஒரு தரைக்கோடு. அவ்வளவில் ஆள் எழுந்து நின்றுவிடுவார்.

அவர் ஓடவும் செய்கிறார். வார நாளில் காந்தி ஸ்டேடியம் பக்கம், ஞாயிற்றுக்கிழமை ஏர்க்காடு மலைச்சாலை. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏர்க்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வியர்க்க ஆரம்பிக்கிறவருக்கு மேலே போகப் போகப் பனி அடிக்கும். கைப்பிடிச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும், பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பும், மேலே காப்பித் தோட்டங்கள் தொடங்கும். சித்திரக்காரருக்கு இதைவிட நல்ல மேடை கிடைக்காது. புத்தகத்தில் பாதிக்கு மேல் இந்தச் சாலையில்தான் நடக்கிறது.

நிற்கிற தாளில் ஓடுகிற ஆளை எப்படிக் காட்டுவது என்பதற்கு அவரிடம் ஒரு வழி இருக்கிறது. காலுக்குப் பின்னால் வேகக்கோடு போடமாட்டார். நிழலைத்தான் பிரிப்பார். நடக்கும்போது ஒரு பாதமாவது எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் இடையில் இரண்டு பாதமும் காற்றில் இருக்கும் ஒரு நொடித்துளி உண்டு. பாய்கிற குதிரைக்கும் அப்படித்தான் என்பதை 1878இல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் வரிசையாகக் கேமராக்களை வைத்துப் படம்பிடித்துக் காட்டினார். நம் ஓவியர் ஆளை வரைந்து, பாதத்துக்குக் கீழே விரலளவு வெள்ளை விட்டு, அதற்கும் கீழே சின்னதாக ஒரு நிழல் தீட்டுவார். அந்த வெள்ளை இருந்தால் ஆள் ஓடுகிறார். நிழலைப் பாதத்தோடு ஒட்டிவிட்டால் அதே ஆள், அதே முழங்கால், ஆனால் நின்றுவிடுகிறார். மலை ஏறும் படங்களில் அந்த இடைவெளியை வளைவுக்கு வளைவு குறைத்துக்கொண்டே போயிருப்பார். பதினெட்டாம் வளைவில் நிழல் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மூச்சு வாங்குவதைக் காட்ட வேறு எதுவுமே தேவைப்படவில்லை.

கடையில் என்ன நடந்தது

தமிழ்நாடு அரசு 2022 முதல் மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்களை நடத்த ஏற்பாடு செய்த பிறகு, சேலம் போன்ற ஊர்களில் சின்னப் புத்தகங்களுக்கும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பகலில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருவார்கள். மாலையில் குடும்பங்கள் வரும், மேடையில் பேச்சு இருக்கும். நமக்குச் சொந்தக் கடை எடுக்க வசதியில்லை. தெரிந்த ஒரு விற்பனையாளர் தன் கடையில் இடம் கொடுத்தார். கழிவு போக மீதி நமக்கு.

அவர் புத்தகத்தைப் பொருள்வாரியாக அடுக்கும் பழக்கமுள்ளவர், நல்ல பழக்கம்தான். ஓட்டம் என்றால் உடல்நலம் என்று எடுத்துக்கொண்டு, யோகாவுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கான சமையலுக்கும் நடுவில் செருகி வைத்தார். இங்கேதான் முதல் காரணம் இருக்கிறது, அது புத்தகத்தின் உடம்பிலேயே இருக்கிற காரணம். நம்முடையது நடுவில் பின் அடித்த புத்தகம். பின் அடித்த புத்தகத்துக்கு முதுகு கிடையாது. அலமாரியில் செங்குத்தாக வைத்தால் பெயர் தெரியாது, இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கீற்று மட்டும்தான் தெரியும். எடுத்துப் பார்க்கவே யாருக்கும் வழியில்லை.

ஆனாலும் சிலர் கையில் அது போய்ச் சேர்ந்தது. எங்கள் ஓட்டக் குழு நண்பர்கள் வந்தார்கள், தேடி எடுத்துப் பார்த்தார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள், பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டார்கள், வாழ்த்திவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் சொற்பம். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு கேலிச்சித்திரப் புத்தகத்தைக் கடையில் நின்றபடியே கால் மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம். சிரித்து முடித்த பிறகு அதைக் காசு கொடுத்து வாங்க ஓடுகிறவருக்கு என்ன காரணம் இருக்கிறது? அந்தப் படங்களில் இருப்பது அவருக்குத் தெரிந்த வாழ்க்கைதான்.

வார இறுதி நெருங்கியபோது இரண்டு மாற்றம் செய்தோம். புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து, முன்மேசையில் அட்டை தெரியும்படி அட்டைத் தாங்கியில் நிறுத்தினோம். உள்ளேயிருந்து ஒரே ஒரு படத்தைப் பெரிதாக்கி, ஃபிளக்ஸ் அடித்து, கடை வாசலில் கண் உயரத்தில் கட்டினோம். எந்தப் படம் என்பதில் எங்களுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. ஓவியர் குரங்குப் படத்தைச் சொன்னார். வளைவில் 'தண்ணீர், வாழைப்பழம்' என்று பலகை, பலகைக்குப் பின்னால் மேசை, மேசைக்குப் பின்னால் தொண்டர்கள் இருக்க வேண்டிய இடத்தில் குரங்குகள். வசனமே இல்லாத அழகான படம். நான் வடாம் படத்தைச் சொன்னேன். கடைசியில் அதுதான் கட்டப்பட்டது.

வடாம் படம் இப்படி. மொட்டைமாடி, வெள்ளை வேட்டியில் வரிசையாகப் பிழிந்த வடாம். ஒரு மூலையில் ஞாயிறு ஓட்டம் முடிந்து கழற்றிக் காயவைத்த ஒரு ஜோடி ஷூ, அதிலிருந்து மேலே எழும் மூன்று நெளிகோடுகள். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின்மேல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் காக்கைகள். குச்சியோடு காவல் இருந்த அம்மா குச்சியைக் கீழே போட்டுவிட்டு, மகனைப் பார்த்துச் சொல்கிறார்: "ஷூவை எடுத்துறாத கண்ணு, காக்கா கிட்டவே வரல!"

அன்று மாலை அந்த ஃபிளக்ஸுக்கு முன்னால் நின்றவர்களைக் கவனித்தேன். முதலில் நின்றவர்கள் அம்மாக்கள். படித்துவிட்டுச் சிரித்து, பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க வா, உன்னைப் போட்டிருக்காங்க" என்று ஒருவர் தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார். அந்தப் பையன் ஓடுகிறவர் என்பது காலைப் பார்த்ததுமே தெரிந்தது, ஓட்டப் பந்தயத்தில் கொடுத்த டீ ஷர்ட்டும் போட்டிருந்தார். புத்தகத்தை எடுத்தது அம்மா. காசு கொடுத்ததும் அம்மா.

இதே காட்சி வெவ்வேறு முகங்களோடு நடந்துகொண்டே இருந்தது. மனைவி வாங்கிக் கணவரிடம் நீட்டினார். அண்ணன் கையில் தங்கை திணித்தார். அலுவலகத்தில் ஒருவர் புதிதாக ஓட ஆரம்பித்திருக்கிறார், தினமும் அதே பேச்சு என்று சொல்லி இரண்டு பேர் சேர்ந்து ஒன்று வாங்கினார்கள். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இந்தப் புத்தகத்தின் வாசகர் ஓடுகிறவர் இல்லை. ஓடுகிறவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்தான். காலை நாலரை மணிக்கு அலாரம் அடித்ததும் ஓடுகிறவர் எழுந்து போய்விடுவார், பக்கத்தில் தூங்கியவருக்குத் தூக்கம் கலைந்துவிடும். அவர் பக்கத்துக் கதையை இதுவரை யாரும் படமாகப் போட்டுக் கொடுத்ததில்லை.

வெறும் இடமாற்றமா?

சந்தேகம் நியாயமானது. முன்மேசைக்கு வந்தால் எந்தப் புத்தகமும் கொஞ்சம் கூடுதலாக விற்கும். வார இறுதிக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. ஃபிளக்ஸ் இல்லாமல் மேசையில் மட்டும் வைத்திருந்தாலும் ஓரளவு போயிருக்கும். அதை மறுக்கவில்லை. ஆனால் வார நாள் திரும்பிய பிறகும், மழை பெய்து கூட்டம் குறைந்த மாலையிலும் விற்பனை நிற்கவில்லை. அதைவிட முக்கியமாக, எந்தப் பக்கத்தில் விரல் நின்றது என்பதைப் பார்த்தேன். புத்தகத்தைப் புரட்டுகிறவர் ஒரு பக்கத்தில் நின்று பக்கத்திலிருப்பவருக்குக் காட்டினால், அது அநேகமாக இரண்டு பேர் உள்ள படமாக இருந்தது. ஒருவர் ஓடுகிறார், இன்னொருவர் பார்க்கிறார். ஓடுகிறவர் தனியாக இருக்கிற பக்கங்களைப் பெரும்பாலோர் சிரிக்காமலே தள்ளினார்கள்.

சில படங்களைச் சொன்னால் விளங்கும்.

மலைச்சாலையில் ஒருவர் நாக்குத் தள்ள ஏறிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஊர்ந்துவரும் பேருந்தின் படியில் தொங்கியபடி நடத்துநர் கேட்கிறார்: "காசில்லைன்னா பரவாயில்லைங்க, ஏறுங்க!" இதற்குச் சிரிக்காத ஆளே இல்லை. நடத்துநரின் முகத்தில் கேலி இல்லாதது காரணம் என்று நினைக்கிறேன். உண்மையான கரிசனத்தோடு குனிந்திருக்கிறார். ஓவியர் அந்தப் புருவத்தைப் பலமுறை மாற்றி வரைந்தார். புருவம் கொஞ்சம் ஏறினால் நக்கலாகிவிடும், இறங்கினால் இரக்கமாகிவிடும்.

இன்னொன்று மலை இறங்கிய மறுநாள். வீட்டு வாசலில் மூன்றே படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்குகிறார் நாயகர். மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு: "இருபது வளைவு இறங்குனீங்களாமே, மூணு படி இறங்க மாட்டீங்களா?" ஓடுகிறவர்களுக்கு இதில் உடம்பு தெரியும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அந்த வகை வேலையில்தான் தசையிழைகள் அதிகம் அடிபடும். வலி உடனே தெரியாது, ஒரு நாள் கழித்து ஏறி, இரண்டு மூன்று நாள் உட்கார்ந்திருக்கும். ஏறியவரைவிட இறங்கியவர் மறுநாள் அதிகம் நொண்டுவது அதனால்தான். மனைவிக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியவேண்டியதில்லை. படியில் பின்பக்கமாக இறங்குகிற ஆளை அவர் பார்த்திருக்கிறார், அது போதும்.

டீக்கடைப் படம் இந்த விஷயத்தை நிரூபித்த படம். முதல் வரைவில் ஒரே ஆள். கைக்கடிகாரம் 20.9 கி.மீ. காட்டுகிறது, அரை மாரத்தானுக்கு 21.1 வேண்டும், அவர் அந்த மிச்சத்துக்காக வட்டம் அடிக்கிறார். கடிகாரம் அப்படிக் குறைத்துக் காட்டுவது சகஜம். ஜிபிஎஸ் சில நொடிக்கு ஒருமுறை புள்ளி வைத்து அவற்றை நேர்கோட்டில் இணைப்பதால், கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டிவிடும். ஓடிய தூரம் கணக்கில் விழாது. எங்கள் குழு இந்த வரைவைப் பார்த்து ஆரவாரித்தது. ஓவியரின் வீட்டில் காட்டியபோது யாருக்கும் புரியவில்லை. அச்சுக்கு முன் அவர் வட்டத்தின் நடுவில் ஒரு டீக்கடையைக் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் ஆற்றுகிற டீயை அந்தரத்தில் நிறுத்திவிட்டுக் கேட்கிறார்: "ஏனுங்க, வேண்டுதலுங்களா?" இப்போது கடிகாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் சிரிக்கிறார். ஓடுகிறவர் இழந்தது எதுவுமில்லை, அந்த 20.9 கையிலேயே இருக்கிறது.

பெண்கள் ஓடும் படங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்ததே 1984இல்தான். நம் ஊரில் இன்றும் விடிகாலையில் ஒரு பெண் தனியாக ஓடக் கிளம்பினால் வீட்டில் ஒரு கவலை கூடவே கிளம்பும். எங்கள் குழுவிலுள்ள பெண்களிடம் வரைவுகளைக் காட்டியபோது, உடம்பைக் கிண்டல் செய்யும் எதுவும் வேண்டாம் என்று தெளிவாகச் சொன்னார்கள். ஓவியரும் அதே கட்சி. அதனால் வந்த படம்: சுடிதாரும் ஷூவுமாக ஒரு பெண் சீராக ஓடுகிறார், நிழலுக்கும் காலுக்கும் நல்ல இடைவெளி. பின்னால் ஹெட்லைட் போட்ட ஸ்கூட்டரில், தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் தேய்த்தபடி உருட்டிவருகிறார் கணவர். "இன்னும் எவ்வளவு தூரம்மா? எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு." அந்தப் பக்கத்தில்தான் பெண்கள் அதிக நேரம் நின்றார்கள். காவலுக்கு வருகிறவரின் களைப்பை வைத்துச் சிரிக்க முடிந்தது, அந்தப் பெண் யாருக்கும் விளையாட்டுப் பொருளாகவில்லை. தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

நின்றே படிப்பவர்கள்

தமிழில் நகைச்சுவைச் சித்திரம் வார இதழில் வளர்ந்தது. மாலியும் கோபுலுவும் வரைந்த காலத்திலிருந்து பத்திரிகையோடு சேர்த்துக் கிடைக்கிற பொருளாகத்தான் அது வீட்டுக்குள் வந்தது. அதற்கென்று தனியாகக் காசு கொடுக்கும் பழக்கம் நமக்குக் குறைவு. கடையில் நின்று முழுதும் படித்துவிட்டு வைத்துவிடுவார்களே என்று விற்பனையாளர் முதலில் பயந்தார், பிளாஸ்டிக் உறை போடலாமா என்றும் கேட்டார். நான் வேண்டாம் என்று வாதாடினேன். உறை போட்ட நகைச்சுவைப் புத்தகத்தை யார் எடுப்பார்கள்? படிக்கவிட்டோம். படித்தவர் சிரித்தார், சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னொருவர் எட்டிப் பார்த்தார். வாங்கியவர்களில் பலர் முழுதும் படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள், ஏனென்றால் தங்களுக்காக வாங்கவில்லை.

இது தெரிந்ததும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னோம். அன்றைக்கே கிடைத்தது. புத்தகத்தின் முதல் பக்கத்தில் அடிக்கிற முத்திரை: "ஓடிக்கொண்டே இருக்கும் ........க்கு, காத்திருந்து டீயை ஆறவிட்ட ........ தருவது." பேனாவைக் கையில் கொடுத்தால் போதும், வாங்குகிறவர்கள் தாங்களே நிரப்பினார்கள். செலவு மிகக் குறைவு. அதற்குப் பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்தார்கள்.

பள்ளிப் பிள்ளைகளிடம் பணம் அதிகம் இருக்காது, விற்பனை எதிர்பார்க்கவும் கூடாது. ஓவியர் ஒரு பகல் வந்து மேசையோரம் உட்கார்ந்து, நிழல் பிரிக்கும் வித்தையைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டிபோட்டு ஓடுகிற ஆள்களை வரைந்தார்கள். அதில் சிலர் மாலையில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் அச்சு

மறு அச்சுக்கு முன் மூன்று முடிவுகள் எடுக்க வேண்டியிருந்தது. தாள் எளிது. முதல் அச்சின் 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள) தாளில் விடியற்கால இருட்டுக்காகக் கறுப்பு நிரப்பிய இடங்கள் மறுபக்கம் நிழலாடின, அதனால் 100க்குப் போனோம். முதுகு விஷயத்தில் அச்சகத்தார் பக்கத்தைக் கூட்டி, முதுகு வரும்படி பசையால் ஒட்டும் கட்டுமானம் போடச் சொன்னார். ஆனால் அச்சில் பக்கம் 16, 16ஆகத்தான் கூடும். முதுகில் பெயர் வர வேண்டும் என்பதற்காக அரைகுறைப் படங்களைச் சேர்க்க ஓவியர் சம்மதிக்கவில்லை. பின் அடித்தபடியே விட்டோம். அதற்குப் பதில் எந்தக் கடைக்குக் கொடுத்தாலும் அட்டைத் தாங்கியையும் சேர்த்துக் கொடுத்து, முகம் தெரிய வைக்க முடியுமென்றால் மட்டும் கொடுக்கிறோம்.

மூன்றாவதில்தான் வாக்குவாதம். ஆள் தனியாக இருக்கும் படங்கள் எடுபடவில்லை என்று தெரிந்த பிறகு அவற்றை நீக்க வேண்டும் என்றேன். பெரும்பாலானவற்றில் அவர் பார்க்கிற ஆள் ஒருவரைச் சேர்த்துவிட்டார். ஒரு படத்தை மட்டும் தொடவிடவில்லை. மாரத்தானின் 30 கி.மீ. தாண்டிய இடம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்துவைத்த சர்க்கரைச் சத்து தீருகிற கட்டம். தாளின் நடுவில் சுண்டுவிரல் நகமளவு ஒரு மனிதர், சுற்றிலும் வெறும் சாலை, நிழல் காலோடு ஒட்டிவிட்டது. அவர் ஒரு கிலோமீட்டர் கல்லிடம் குனிந்து கேட்கிறார்: "நீயாவது கொஞ்சம் தள்ளி வரக்கூடாதா?" கடையில் இதற்கு யாரும் சிரித்ததாக நினைவில்லை. ஆனால் அந்த இடத்தில் உண்மையிலேயே யாரும் பக்கத்தில் இருப்பதில்லை, ஆளைச் சேர்த்தால் பொய்யாகிவிடும் என்றார். அவர் சொன்னது சரி. அது புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்து மே மாதக் கோடை விழாச் சமயத்தில் ஏர்க்காட்டில் ஒரு மேசை போட இடம் கேட்டிருக்கிறோம். மலர்க் கண்காட்சி பார்க்க வரும் குடும்பங்கள்தான் அங்கே கூட்டம். அதற்காக ஒரு புதிய படம் தயாராகிறது. பனி மூடிய தோட்டச் சாலை, எதிரே காட்டெருமை, சட்டென்று நின்றுவிட்ட ஓட்டக்காரர். அவருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று இன்னும் முடிவாகவில்லை. ஓவியர் பால்காரரைச் சொல்கிறார். காப்பி பறிக்கக் கூடையோடு போகும் அக்காதான் வேண்டும் என்பது என் கட்சி. அந்த வழியில் தினமும் நடக்கிறவர் அவர்தான், என்ன வசனம் பேசுவார் என்பதும் எனக்குக் கேட்கிறது: "ஓடாதீங்க சார், அதுக்கு ஓடுறவங்களைக் கண்டாத்தான் ஆகாது."